சி மொழியும் அதன் முதற்பாடமும்

ஒரு கலை உலகிற் பரவுதற்கு அதனை ஆக்கியோர் திறன் மாத்திரம் போதாது. புதியோர் அதனுட் புகுதற்கு வாயில் அமைத்துக் கொடுப்போரும் வேண்டும். கணினிக்குக் கட்டளை வகுக்கும் மொழிகளுள் ஒன்றாகிய சி மொழியின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

அமெரிக்காவின் நியூ யேர்சி மாநிலத்து மரே கில் என்னுமிடத்திலுள்ள பெல் ஆய்வுகூடம், மல்ட்டிக்சு என்னும் பெருந்திட்டத்திலிருந்து 1969 இல் விலகியது. அதன்பின் கென் தொம்சன், தெனிசு றிச்சி முதலியோர் பீ.டி.பீ. 7 என்னும் சிறு கணினியில் யுனிக்சு இயக்க முறைமையை ஆக்கத் தொடங்கினர். மாட்டின் றிச்சாட்சு வகுத்த பீ.சீ.பீ.எல். மொழியைச் சுருக்கித் தொம்சன் பீ மொழியை அமைத்தார். அம்மொழி தரவினங்களை வேறு பிரித்து அறியாதது. பின்வந்த பீ.டி.பீ. 11 கணினியோ நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டையும் தனி முகவரியால் அணுக வல்லது. பீ மொழி இதற்கு இயையாமையின், எழுத்து, முழுவெண் முதலிய இனங்களைச் சேர்த்து, 1971 முதல் 1973 வரையுள்ள காலத்தில் றிச்சி சி மொழியை உருவாக்கினார். 1973 இல் யுனிக்சின் கருப்பகுதி அம்மொழியிலேயே மீள எழுதப்பட்டது.

மொழி பிறந்தது, அதனைக் கற்பிப்பது எங்ஙனம்? விதிகளைத் தொகுத்துரைக்கும் கையேடு கற்றார்க்கு உதவுமேயன்றித் தொடங்குவார்க்கு உதவாது. இக்குறையை நீக்க முன்வந்தவர் அதே ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிறையன் கேணிகன். 1974 இல் அவர் சி மொழிக்கு ஒரு பயிற்சியுரை எழுதினார். 1978 இல் றிச்சியுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட நூல் 228 பக்கங்களே கொண்டது. அதன் முதற் செய்நிரல், உலகிற்கு வணக்கங் கூறும் ஒரு வரியை அச்சிடுவதன்றி வேறொன்றும் செய்யாது.

இஃது எளிமை கருதிய விளையாட்டன்று. அவ்வொரு வரியைக் காண்பதற்கு மாணவன் நிரலைக் கோப்பில் எழுதல் வேண்டும். அதனைத் தொகுப்பியிடம் ஒப்புவித்தல் வேண்டும். விளைந்ததை இயக்குதல் வேண்டும். விடை தோன்றுமிடத்தை அறிதல் வேண்டும். புதியோர் இடறுவது பெரும்பாலும் இப்படிகளிலேயாம். இவற்றைக் கடந்தபின் எஞ்சுவது மொழி ஒன்றே. ஏடு தொடக்கும் பிள்ளை முதலெழுத்தை எழுதுதல் போல்வது இது. அடுத்து வருவது, பரனைற்று வெப்பநிலையை 0 முதல் 300 வரை இருபது இருபதாகச் செல்சியசிற்கு மாற்றும் அட்டவணை. அதனால் மாறி, கணிப்பு, மடக்கிச் செய்தல் ஆகியன ஒருங்கே விளங்குகின்றன.

எனினும் சி மொழி மாணவனுக்கு அளிக்கும் உரிமை பெரிது, காவல் சிறிது. அணி ஒன்றின் எல்லை கடந்து எழுதினும் அது பொதுவாகத் தடுப்பதில்லை. 1988 நவம்பரில் வலையமைப்பிற் பரவிய மொறிசுப் புழு, வரும் வரியின் நீளத்தை நோக்காது ஏற்கும் ஒரு செயற்கூற்றின் இத்தகைய வழுவையும் வாயிலாகக் கொண்டது. அச்செயற்கூறு 2011 இல் நியமத்தினின்றும் நீக்கப்பட்டது.

இதனாற் சி மொழி தொடக்கத்திற்கு ஏலாதென்பாரும் உளர். நினைவகம் இயங்குமாற்றை மறைக்காது காட்டும் மொழியாதலின் அதுவே தக்கதென்பாரும் உளர். இருசாரார் கூற்றிலும் உண்மையுண்டு. ஆயின் முதல் வரியை அச்சிடக் கற்பிக்கும் ஆசிரியர், எல்லையைத் தானே நோக்கும் பொறுப்பையும் அப்பொழுதே கற்பித்தல் கடனாம். முன்னையது மாணவனுக்கு ஊக்கந் தரும். பின்னையது அவன் நிரலைப் பயன்படுத்துவோர்க்குக் காவலாகும்.