ஒற்றைப் பெயரும் ஒரு பென்சில் கோடும்



'போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார்' என்னும் செய்தியை நாம் பெரும்பாலும் நற்செய்தியாகவே வாசிக்கிறோம். சண்டையில்லை, செலவில்லை, ஊர் ஒற்றுமையாக இருக்கிறது என்று மகிழ்கிறோம். குஜராத் மாநில அரசு, போட்டியின்றி ஊராட்சியை அமைத்துக்கொள்ளும் கிராமங்களுக்கு 'சம்ரஸ்' என்ற பெயரில் ஊக்கத்தொகையே வழங்குகிறது. ஆயினும், பதவியில் இருப்பவர் ஒருவரே மீண்டும் நிற்க, 'இவர் வேண்டாம்' என்று எண்ணுவோர் அதை எங்கே சொல்வது? இக்கேள்வியை அரை நூற்றாண்டு காலம் சந்தித்த ஒரு நாட்டின் வரலாறு நமக்குப் படிப்பினை தருவதாகும்.

ஏட்டில் இருந்த உரிமை

'சோவியத்' என்னும் ருஷ்யச் சொல்லுக்கு மன்றம் என்பது பொருள். சோவியத் யூனியனில் சிற்றூர் முதல் தலைநகர் வரை ஒவ்வொரு நிலையிலும் இத்தகைய மன்றங்கள் இருந்தன. 1936-ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் இம்மன்றங்களுக்கு நேரடியான, இரகசியமான வாக்குரிமையை அறிவித்தது. 1937-இல் உச்ச மன்றத்திற்கும், 1939-இல் உள்ளூர் மன்றங்களுக்கும் அதன்படி தேர்தல் நடந்தது. ஆனால் ஒவ்வோர் இடத்திற்கும் நின்றவர் ஒருவரே.

வியப்பு என்னவெனில், ஒருவர் பெயரை மட்டும் விட்டுவிட்டு ஏனையோர் பெயர்களை அடித்துவிடுமாறு வாக்குச்சீட்டிலேயே அறிவுரை அச்சிடப்பட்டிருந்தது. அடிப்பதற்கு வேறு பெயர் ஏதும் அச்சீட்டில் இல்லை! எனினும் அந்த ஒற்றைப் பெயரை அடிப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. பாதிக்கு மேற்பட்டோர் ஏற்றால்தான் அவர் உறுப்பினர் ஆவார் என்றும் அது கூறியது. ஆக, மறுக்கும் உரிமை ஏட்டில் இருந்தது.

மறைவிடமே காட்டிக்கொடுத்தது

அவ்வுரிமை நடைமுறையில் எவ்வாறு பறிபோயிற்று என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஆதரிப்பவர் சீட்டை வாங்கி, மடித்து, நேரே பெட்டியில் போட்டுவிடலாம். அவர் எதையும் எழுத வேண்டியதில்லை. எதிர்ப்பவரோ பென்சிலால் பெயரை அடிக்க வேண்டும். அதற்குத் திரையிட்ட மறைவிடத்திற்குள் செல்ல வேண்டும். அதிகாரிகளும் அண்டை அயலாரும் பார்த்திருக்க அத்திரையை நோக்கி நடப்பதே ஒருவரைச் சந்தேகத்திற்கு உள்ளாக்கப் போதுமானது. இரகசியத்தைக் காப்பதற்கென அமைந்த இடமே இரகசியத்தை வெளிப்படுத்தும் இடமாயிற்று. பெரும்பாலான தேர்தல்களில் 99 விழுக்காட்டிற்கு மேல் ஆதரவு என்ற அறிவிப்பு இவ்வாறே உருவாயிற்று.

அப்போதும் மக்கள் முற்றிலும் வாய்மூடி இருந்துவிடவில்லை. சிலர் தம் குறைகளை வாக்குச்சீட்டிலேயே எழுதிப் போட்டனர். ஒழுகும் கூரையைச் சீர்செய்து தராவிட்டால் வாக்களிக்க வரமாட்டோம் என்று சிலர் பேரம் பேசினர். வாக்காளரை அழைத்துவரும் பொறுப்பிலிருந்த ஊழியர்கள் அதற்கு அஞ்சினர். இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட உள்ளூர் மன்ற உறுப்பினர்களுள் மிகச் சிலர், போட்டியே இல்லாமல் நின்றும் தோற்றனர். அத்தோல்விகள் பெரும்பாலும் சிற்றூர் மன்றங்களில் நிகழ்ந்தன. சில பத்துக் குடும்பங்களே வாழும் வட்டத்தில், நிற்பவரின் குணநலன் அனைவருக்கும் தெரிந்ததன்றோ!

1989: கோடு வலிமை பெற்ற நாள்

கோர்பச்சோவ் காலத்தில், 1988 டிசம்பரில் புதிய தேர்தல் சட்டம் வந்தது. பல இடங்களில் போட்டிக்கு வழி பிறந்தது. அதைவிடவும் அமைதியான மாற்றம் ஒன்று அதில் இருந்தது: ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் மறைவிடத்தைக் கடந்தே பெட்டியை அடைய வேண்டும். எல்லோரும் திரைக்குள் செல்லும்போது, யார் எதற்காகச் சென்றார் என்று எவராலும் அறிய இயலாது.

1989 மார்ச் 26 அன்று மக்கள் பிரதிநிதிகள் பேரவைக்குத் தேர்தல் நடந்தது. லெனின்கிராட் வட்டாரக் கட்சிச் செயலாளரும், நாட்டின் உயர் அதிகாரக் குழுவில் இடம்பெற்றவருமான யூரி சொலொவியோவ் தம் தொகுதியில் தனி ஒருவராக நின்றார். பாதிக்கு மேற்பட்டோர் அவர் பெயரை அடித்தனர், அவர் தோற்றார். கீவ் நகர மன்றத்தின் நிர்வாகத் தலைவராய், அதாவது மேயராய், விளங்கிய வலென்தின் ஸ்குர்ஸ்கியும் போட்டியின்றி நின்றே தோற்றார். அதே ஜூலையில் சொலொவியோவ் கட்சிச் செயலாளர் பதவியையும் இழந்தார். 1990 மார்ச்சில் நடைபெற்ற உள்ளூர்த் தேர்தலில் லெனின்கிராட் நகர மன்றம் சீர்திருத்தவாதிகள் வசமாயிற்று.

ஆனால் எங்கும் இவ்வாறு நிகழவில்லை. புகாராவும் சமர்க்கந்தும் அமைந்த மத்திய ஆசியக் குடியரசுகளில் ஒற்றை வேட்பாளர்கள் மிகுதியாக நின்றனர். பேராதரவுடன் வென்றும் வந்தனர். கூட்டுப் பண்ணைத் தலைவரின் கையில் வேலையும் வாழ்வும் அடங்கியிருந்த ஊர்களில் ஒரு திரை மட்டும் அச்சத்தைப் போக்கிவிடவில்லை.

நம் நாட்டின் நிலை

நம் நாட்டிலும் இரகசியமே இவ்விவாதத்தின் மையமாயிற்று. எவருக்கும் வாக்களிக்க விரும்பாதவர் முன்பு '49 ஓ' விதியின்படி வாக்குச்சாவடி அதிகாரியிடம் அதைச் சொல்லி, பதிவேட்டில் கையொப்பமிட வேண்டியிருந்தது. இது இரகசியத்தைக் குலைக்கிறது எனக் கண்ட உச்ச நீதிமன்றம், 2013 செப்டம்பர் 27 அன்று நோட்டாவிற்கு வழிவகுத்தது. மகாராஷ்டிர மாநிலத் தேர்தல் ஆணையம் 2018-இல் ஒரு படி மேலே சென்று, உள்ளாட்சித் தேர்தலில் நோட்டா முதலிடம் பெற்றால் மறுதேர்தல் என ஆணையிட்டது.

எனினும் ஓர் இடத்திற்கு ஒருவரே நின்றால் நம் சட்டப்படி வாக்குப்பதிவே கிடையாது. அவர் வென்றதாக அறிவிக்கப்படுவார். சோவியத் குடிமகனுக்கு ஏட்டளவிலேனும் இருந்த அந்தப் பென்சில் கோடு நமக்கு இல்லை.

நாம் செய்ய வேண்டியது

வாக்கு ஒரு சாட்சியம் என்று நம் துணைக்கண்டத்து உலமாக்கள் விளக்கியுள்ளனர். சாட்சியைக் கேளாமலே தீர்ப்பு எழுதலாகாது. ஊர்ப் பெரியோர் கூடி ஒருவரையே நிறுத்துவதெனத் தீர்மானிக்கும் இடங்களில், அம்முடிவிற்கு முன்னரே பெண்களும் இளைஞரும் ஏழையரும் உட்பட அனைவரிடமும் பெயரில்லாச் சீட்டில் கருத்துக் கேட்கலாம். பதவியில் இருப்பவரையே மீண்டும் நிறுத்துவதானால், அவர் முதலில் தம் ஐந்தாண்டுக் கணக்கை ஊர்முன் வைக்கட்டும். பெரும்பாலோர் 'வேண்டாம்' என்றால் வேறொருவரைத் தேட அவகாசமும் இருக்கட்டும்.

'வேண்டாம்' என்று அச்சமின்றிச் சொல்ல இடமிருந்தும் ஓர் ஊர் ஒருவரை ஏற்குமானால், அதுவே மெய்யான ஒற்றுமை. அந்த இடத்தை நம் ஊர்களில் நாமே உண்டாக்குவோமாக.