கிந்தா ஈயத்தின் மறுபிறவி



பேராக் மாநிலத்தின் பழைய வாழ்வு இரண்டு பொருள்களை நம்பி இருந்தது. ஒன்று, நம்மவர்கள் பால் வெட்டிய ரப்பர். மற்றொன்று, கிந்தா பள்ளத்தாக்கின் ஈயம். தஞ்சோங் துவாலாங்கில் 1938-இல் கட்டப்பட்ட ஈயக் கப்பல் 1982-இல் ஓய்ந்தது. 1985 அக்டோபரில் ஈய விலை சரிந்தபின் லம்பங்கள் பல மூடப்பட்டன. ஆனால் அதற்கு முன்பே ஜப்பானில் ஈயத்துக்கு ஒரு புதிய வேலை கிடைத்திருந்தது.

நாம் ஈயம் என்பது வெள்ளீயம். டூலாங் தட்டில் அரித்தெடுத்த கருமணல், வெள்ளீயமும் பிராணவாயுவும் சேர்ந்த ஆக்சைடு. ஜப்பானிய வீடுகளில் சமையல் எரிவாயு பரவி, கசிவால் வெடிவிபத்துகள் நேர்ந்த காலத்தில், 1962-இல் நவோயோஷி தகுச்சி என்பவர் இதே ஆக்சைடைக் கொண்டு வாயுவை உணரும் கருவி செய்தார். 1968-இல் அது விற்பனைக்கு வந்தது.

அது வேலை செய்யும் விதம் எளிது. ஆக்சைடைச் சூடாக்கினால் காற்றிலுள்ள பிராணவாயு அதன்மேல் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தைத் தடுக்கும். எரிவாயு பட்டால் அந்தப் பிராணவாயு நீங்கும், மின்சாரம் தாராளமாக ஓடும், மணி ஒலிக்கும்.

இங்கேதான் நம் ஊர்க் காற்று குறுக்கிடுகிறது. ஈரப்பதமும் அந்த மேற்பரப்பில் ஒட்டி, மின்தடையைக் குறைக்கிறது. கசிவே இல்லாமல் மணி அடிக்கலாம். நெடுநாள் ஈரம் படிந்தால், கசிவு வந்தும் கருவி மந்தமாகலாம். ஆக்சைடைச் சூடாக்க உள்ளேயே இருக்கும் கம்பி, ஈரத்தைக் குறைக்கவும் உதவுகிறது. வெப்பம், ஈரம் மாறினால் கணக்கைச் சரிசெய்யும் மின்சுற்றும் சேர்த்தார்கள். ஈரத்தின் தொல்லை குறைந்ததே தவிர, முற்றும் ஒழியவில்லை.

நமக்கு இது ஏன்? லயத்து விறகடுப்பில் புகை உண்டு, வெடிப்பு இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் நம்மில் பலர் அடுக்குமாடி வீடுகளுக்கு வந்தோம். சன்னல் சாத்திய சமையலறையில் எரிவாயுத் தோம்பு கசிந்தால் வாயு வெளியேற வழியில்லை.

அந்த வாயு காற்றைவிடக் கனமானது. எனவே கருவியைத் தரைக்கு அருகில், சோற்றுப்பானை ஆவி படாத இடத்தில் மாட்டுவோம். பொய்யாக அடிக்கிறதே என்று மின்சாரத்தைப் பிடுங்கிவிட வேண்டாம். சூடு ஆறினால் ஈரம் சேரும். நீண்ட நாள் நிறுத்தி வைத்த கருவி, மீண்டும் சூடேறி நிலைப்படவும் நேரமெடுக்கும். மணி ஒலித்தால் முதலில் தோம்பை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, விளக்குச் சுவிட்சைத் தொடாமல் வெளியேறுவோம்.

ஒரு காலத்தில் ஊருக்குச் சோறு போட்ட ஈயம், இன்று வீட்டுக்குக் காவல் நிற்கிறது. அந்தக் காவலனை விழித்திருக்கச் செய்வது நம் கையில்தான் இருக்கிறது.