மோட்டார் விலகிய இடம்: அளவுமாதிரிப் பந்தயக் கார்களில் நுணுக்கம் வளர்ந்த வரலாறு

ஒரு குறிப்பிட்ட பந்தயத்தில் ஒரு வண்டி எந்த நிலையில் ஓடியதோ அந்த நிலையை 8, 12, 20 அல்லது 24-இல் ஒரு பங்காகச் சுருக்கி, அதன் குழாய், கம்பி, திருகு வரை காட்டும் படைப்பே நுணுக்க அளவுமாதிரி எனப்படுகிறது. இக்கலை படிப்படியாக நேர்கோட்டில் வளர்ந்ததாகக் கருதுவது பொருந்தாது. பொம்மைக் காரைப் போல ஓடியாக வேண்டும் என்ற நிபந்தனை 1970களில் தளர்ந்ததும், மின்மோட்டார் காலி செய்த இடத்தில் மெய்யான எஞ்சினின் உருவம் குடியேறியதுமே அதன் முக்கியத் திருப்பம்.

இத்தாலியின் டூரின் நகரைச் சேர்ந்த போச்சர் நிறுவனம் 1966-இல் வெளியிட்ட பாகத் தொகுப்பை, அதாவது வாங்குபவரே பூட்டிக்கொள்ளும்படி பாகங்களாக விற்கப்பட்ட 'கிட்'டை, இதற்கு முன்னோடியாகக் கொள்ளலாம். 1907-இல் ஃபெலிச்சே நஸ்ஸாரோ பிரெஞ்சு கிராண்ட் பிரியில் வென்ற ஃபியட் காரை 8-இல் ஒரு பங்காக்கிய அத்தொகுப்பில் பிளாஸ்டிக்கோடு உலோகமும் ரப்பரும் சேர்ந்திருந்தன. பசையைவிடத் திருகாணிக்கே அதில் வேலை மிகுதி. அதைக் கட்டுபவர் மெக்கானிக்கின் வேலையையே சிறிய அளவில் செய்தார் எனலாம்.

ஜப்பானில் நிலைமை வேறு. ஷிசுவோக்கா நகரில் 1946-இல் மரம் அறுக்கும் தொழிலாகத் தொடங்கிய டாமியா, மர மாதிரிகளுக்கு மாறி, 1960-இல் தன் முதல் பிளாஸ்டிக் தொகுப்பை வெளியிட்டது. 1967-இல் அது 12-இல் ஒரு பங்காக வெளியிட்ட ஹோண்டா ஆர்ஏ273 ஃபார்முலா 1 கார், எஞ்சின் நுணுக்கங்களோடு மின்மோட்டாருக்கும் இடம் தந்தது. ஒரே உடலில் பொம்மையும் ஆவணமும் குடியிருந்ததால் இரண்டும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

இந்தச் சிக்கலைத் தீர்த்தது, போர்ஷே 911-இன் பந்தய வடிவமான 934. அதன் மாதிரியைத் துல்லியமாக்க விரும்பிய, டாமியா நிறுவனத்தைச் சேர்ந்த ஷுன்சாகு டாமியா, மெய்யான போர்ஷே 911 ஒன்றையே வாங்கிப் பாகம் பாகமாகக் கழற்றி அளவெடுக்கச் செய்தார். அதைத் திரும்பப் பூட்டப் போர்ஷே பொறியாளர்களின் உதவி தேவைப்பட்டது. பொம்மைத் தொழிலில் அளவெடுத்தல் என்பதற்கு அதுவரை இல்லாத பொருளை அச்செயல் தந்தது என்றே சொல்ல வேண்டும். 1976-இல் அதே 934-இன் உடலே அந்நிறுவனத்தின் முதல் ரேடியோ கட்டுப்பாட்டுக் காராகவும் வெளிவந்தது. ஓடும் ஆசைக்கு இவ்வாறு தனிக் கிளை கிடைத்துவிட்டதால், 1977-இல் ஆறு சக்கர டிரெல் பி34-உடன் தொடங்கிய 20-இல் ஒரு பங்கு வரிசை, அலமாரியில் நிறுத்திப் பார்ப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டது.

மோட்டார் போன பின் தடித்த சுவர் எதிரியாயிற்று. உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தத்தால் எஃகு அச்சுக்குள் செலுத்தி வார்க்கும்போது சுவர் ஏறத்தாழ 1 மி.மீ. தடிமன் பெறுகிறது, 20 மடங்காக்கினால் அது 20 மி.மீ. ஆகிறது. மெய்யான வண்டியின் இறக்கைத் தகடோ சில மில்லிமீட்டரைத் தாண்டாது. இதற்கு விடையாக வந்ததே ஒளி அரிப்பு முறை: மெல்லிய பித்தளை அல்லது எஃகுத் தகட்டின்மேல் ஒளியுணர் பூச்சிட்டு, வரைபடத்தின் வழியே ஒளி பாய்ச்சிப் பூச்சின் தேவையான பகுதியை மட்டும் நிலைக்கச் செய்து, மறைப்பில்லாத உலோகத்தை அமிலக் கரைசலால் அரித்து நீக்குவது. 0.2 மி.மீ. தகட்டில் இவ்வாறு இருக்கைப் பட்டையின் கொக்கியும் ரேடியேட்டர் வலையும் சாத்தியமாயின. ஜப்பானின் மாடல் ஃபேக்டரி ஹிரோ போன்ற நிறுவனங்கள் வெள்ளீயக் கலவை, ரெசின், கடைந்த அலுமினியம், அரித்த தகடு ஆகியவற்றை ஒரே பெட்டியில் அடக்கியபோது, போச்சரின் பல்பொருள் மரபும் டாமியாவின் அளவெடுப்பு மரபும் ஒன்றாகக் கலந்தன.

வண்ணப்பூச்சுக்கும் இதே கணக்கு பொருந்தும். பிரைமர், நிறம், அதன்மேல் ஒளி ஊடுருவும் கிளியர் என அடுக்கும் பூச்சு 0.1 மி.மீ. எட்டினாலே மெய்யளவில் 2 மி.மீ. தடிமனாகிக் கதவின் கோடுகளையும் ஆணித்தலைகளையும் மூழ்கடிக்கும். ஆகவே ஏர்பிரஷ்ஷால் மிக மெல்லிய பூச்சுகளாகத் தெளித்து, நீரில் நனைத்த நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, பின் பாலிஷ் போடும் பழக்கம் ஊன்றியது. நிறம் கூட எளிய கேள்வியன்று. 1988-இல் 16 பந்தயங்களில் 15-ஐ வென்ற மெக்லாரன் எம்பி4/4-இன் சிவப்பு, தொலைக்காட்சித் திரையில் அதன் விளம்பரதாரரின் சிகரெட் பெட்டியின் சிவப்பாகத் தெரியும்பொருட்டு, ஒளிரும் ஆரஞ்சு கலந்த சிவப்பாகப் பூசப்பட்டது. மாதிரி காட்ட வேண்டியது வண்டியின் நிறத்தையா, மக்கள் நினைவில் நிற்கும் திரையின் நிறத்தையா என்பது கட்டுபவர்களிடையே இன்றும் உயிரோடிருக்கும் வழக்கு. வண்டியின் பக்கம் நிற்பதே ஆவண நேர்மைக்கு உகந்தது.

1968-இல் லோட்டஸ் அணி சிகரெட் நிறுவனத்தின் வண்ணத்தைப் பூசியது முதல் பந்தயக் காரின் தோற்றமே விளம்பரத்தால் ஆனது. புகையிலை விளம்பரத் தடைகள் இறுகியபோது, மறுபதிப்புத் தொகுப்புகளில் நீரில் நனைத்து ஒட்டும் டிகால் தாள்களிலிருந்து சிகரெட் நிறுவனப் பெயர்கள் நீங்கின. விடுபட்டவற்றை அச்சிடும் சிறு டிகால் தொழில் அந்த இடைவெளியில் தழைத்தது. 1981-இல் மெக்லாரன் எம்பி4/1 கொண்டுவந்த கார்பன் இழை உடலும் டிகால் மூலமே மாதிரிக்குள் நுழைந்தது. இழையின் நெசவு வளைவுகளில் தடம் புரளாமல் ஒட்டுவது கைத்திறனின் கடுமையான தேர்வாக மதிக்கப்படுகிறது.

1985-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கட்டட மாதிரிகளுக்கென உருவான அமால்கம் நிறுவனம், பின்னர் பந்தய அணிகளின் கணினி வரைவுத் தரவிலிருந்தே 8-இல் ஒரு பங்குக் கார்களைச் செய்யத் தொடங்கியபோது, வண்டியைக் கழற்றி அளவெடுக்க வேண்டிய தேவையும் குறைந்தது. இன்று முப்பரிமாண அச்சில் பிறக்கும் பாகங்கள் வீட்டு மேசைக்கே வந்துவிட்டன. எனினும் அவை படலம் படலமாக அடுக்கி வளர்க்கப்படுபவை, 0.05 மி.மீ. படலம் ஒவ்வொன்றும் 20-இல் ஒரு பங்கு மாதிரியில் மெய்யளவு 1 மி.மீ. படிக்கட்டாக நிற்பதால், வண்ணம் ஏறுமுன் அவற்றையும் உப்புத்தாள் கொண்டு கையால் தேய்க்கத்தான் வேண்டியிருக்கிறது.