டையமீன் ஆக்சிடேஸ்

உணவோடு வரும் ஹிஸ்டமினைக் குடலிலேயே சிதைத்து, அது ரத்தத்தில் கலக்காமல் காக்கும் நொதி. சிறுகுடல், சிறுநீரகம், நஞ்சுக்கொடி ஆகியவற்றில் மிகுதியாக உண்டு. கருவுற்ற பெண்களின் ரத்தத்தில் இதன் அளவு பல மடங்கு கூடும். செம்பைத் தாங்கிய இந்த நொதி ஆக்சிஜனின் துணையோடு ஹிஸ்டமினின் அமீன் தொகுதியைக் கழற்றுகிறது. அம்மோனியாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வெளிப்படுகின்றன. உயிரணுக்களுக்குள் இருக்கும் ஹிஸ்டமினைக் கவனிப்பது வேறொரு நொதி.

1929இல் சார்லஸ் பெஸ்ட், தானாகச் சிதைய விட்ட நுரையீரல் திசுவில் ஹிஸ்டமின் மறைந்துபோவதைக் கண்டார். இன்சுலின் ஆய்வில் பான்ட்டிங்கோடு உழைத்தும் 1923ஆம் ஆண்டு நோபல் பரிசில் விடுபட்டவர் இவரே. 1930இல் மெக்ஹென்றியுடன் சேர்ந்து அவர் ஹிஸ்டமின் மறைவதை ஆராய்ந்தார். நொதி ‘ஹிஸ்டமினேஸ்’ எனப்பட்டது. அழுகும் இறைச்சியில் உருவாகும் புட்ரெசின், கடாவெரின் போன்ற டையமீன்களையும் இதே நொதி சிதைப்பதை 1938இல் ஜெல்லர் காட்டிய பின்பே இன்றைய பெயர் வந்தது. ஒவ்வாமையில் ஹிஸ்டமினுக்குப் பங்கு உண்டு என்பதால், அதற்கு இந்த நொதியையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்த முயற்சிகள் பலிக்கவில்லை. 1940களில் ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகள் பரவியதும் அந்த ஆர்வம் தணிந்தது.

நொதி முடங்கினால் என்ன ஆகும் என்பதை இலங்கையின் காசநோயாளிகளிடம் காண முடிந்தது. காசநோய் மருந்தான ஐசோநயாசிட் உட்கொண்டு வந்தவர்களில் சிலருக்குச் சூரை மீன் சாப்பிட்டதும் முகம் சிவந்தது, தலை வலித்தது, நெஞ்சு படபடத்தது. சி. ஜி. உரகொடவும் கொட்டேகொடவும் 1977இல் இதை எழுதினர். பிடித்த மீனைக் குளிரில் வைக்காவிட்டால் பாக்டீரியாக்கள் அதிலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை ஹிஸ்டமினாக மாற்றும். சமைத்தாலும் அது அழியாது. ஐசோநயாசிட் இந்த நொதியைத் தடுப்பதால், மற்றவர்கள் தாங்கும் ஹிஸ்டமின் அளவே அந்நோயாளிகளுக்குத் தாங்கவில்லை. ஆய்வுக்கூடச் சோதனைகள் பலவற்றைவிட இந்த மருத்துவக் குறிப்பே நொதியின் பயனைத் தெளிவாகச் சொல்கிறது.

சிறுநீரகத்தில் அமிலோரைடு மருந்தோடு பிணையும் ஒரு புரதத்தைச் சோடியம் வாயிலின் பகுதி என்று 1990இல் கருதினார்கள். அதுவும் இந்த நொதியே என 1994இல் தெரிந்தது. இதற்கான மரபணு 7ஆம் குரோமோசோமில் உள்ளது.

பன்றிச் சிறுநீரகத்திலிருந்து எடுத்த நொதி இப்போது ஹிஸ்டமினைத் தாங்க முடியாதவர்களுக்கான உணவுத் துணைப்பொருளாக விற்கப்படுகிறது. விளம்பரத்தின் வேகத்துக்குச் சான்றுகள் ஈடுகொடுக்கவில்லை. ரத்தத்தில் நொதியின் அளவு குறைவு என்பதை மட்டும் வைத்து ஹிஸ்டமின் தாங்காமையை உறுதிசெய்யவும் இயலாது.