கருங்கல்லும் வெண்கல்லும்: எண்ணங்களுக்குக் கணக்கு வைத்த பௌத்த மரபு

எண்வழிப் பாதையின் இரண்டாம் அங்கம் நல்லெண்ணம். பாலியில் சம்மா சங்கப்பம். பற்றைத் துறக்கும் எண்ணம், பகை கொள்ளாத எண்ணம், பிற உயிரை வருத்தாத எண்ணம் என்று பாலி நூல்தொகுதிகளான நிகாயங்கள் அதை மூன்றாக வகுக்கின்றன. ஆனால் கடையில் தராசு பிடிப்பவரும் வயலில் நிற்பவரும் அன்றாடம் தம் எண்ணத்தை எப்படிக் கண்காணிப்பது? பௌத்த உலகம் இதற்குக் கண்ட விடைகளில் ஒன்று, எழும் எண்ணங்களுக்குக் கணக்கு வைப்பது. மதுராவிலும் திபெத்திலும், வேறொரு வடிவில் சீனத்திலும் காணப்படும் இந்தப் பழக்கம், இடத்துக்கு இடம் தன் நோக்கத்தையே மாற்றிக்கொண்டது என்பது இக்கட்டுரையின் கருத்து.

இதன் வேர் மஜ்ஜிம நிகாயத்தின் 19ஆவது உரையான துவேதாவிதக்க சுத்தத்தில் இருக்கிறது. ஞானம் பெறுவதற்கு முன் தம் எண்ணங்களை இரு கூறாகப் பிரித்துப் பார்த்ததைப் புத்தர் அங்கே விவரிக்கிறார். காமமும் பகையும் வன்முறையும் ஒரு பக்கம். அவற்றுக்கு எதிரானவை மறுபக்கம். எதை அடிக்கடி நினைக்கிறோமோ அந்தப் பக்கமே மனம் சாயும் என்பது அவர் கண்டது. பயிர் விளைந்து நிற்கும் பருவத்தில் இடையன் மாடுகளைக் கோலால் அடித்துத் தடுத்தாக வேண்டும். அறுவடை முடிந்த கோடையில் மர நிழலில் உட்கார்ந்து, மாடுகள் அங்கே இருக்கின்றன என்று அறிந்திருந்தாலே போதும். படிப்பவர் பலர் கவனிக்காமல் கடந்துபோகும் இடம் ஒன்றும் இதில் உண்டு. நல்ல எண்ணத்தைக்கூட நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தால் உடல் களைக்கும், மனம் கலங்கும் என்று கண்டு, அதையும் அடக்கி அவர் தியானத்தில் அமர்கிறார். எனவே தரம் பிரிப்பது இங்கே வழிமுறை மட்டுமே. முடிந்த முடிபு அன்று.

இத்தகைய சோதனை துறவிகளுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. ராஜஸ்தானின் பைராட்டில் கிடைத்து இன்று கொல்கத்தா ஆசியக் கழகத்தில் இருக்கும் அசோகர் கல்வெட்டு, பிக்குகளும் பிக்குணிகளும் இல்லறத்தாரும் அடிக்கடி கேட்க வேண்டியவை என ஏழு உபதேசங்களைப் பெயர் சொல்லிப் பரிந்துரைக்கிறது. பொய் பற்றி ராகுலனுக்குச் சொன்ன அறிவுரை அவற்றுள் ஒன்று. அறிஞர் பலர் இதை மஜ்ஜிம நிகாயத்தின் 61ஆவது சுத்தமாக அடையாளம் காண்கின்றனர். உடல், சொல், மனம் ஆகிய மூன்றின் செயலையும் செய்யுமுன், செய்யும்போது, செய்தபின் என மும்முறை கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்க்கச் சொல்கிறது அது. தமிழில் மணிமேகலையும் தீவினை பத்தை உடலுக்கு மூன்று, சொல்லுக்கு நான்கு, உள்ளத்துக்கு மூன்று என்று பிரித்துக் காட்டுகிறது.

கணக்குக் கருவி கைக்கு வருவது உபகுப்தர் கதையில். வடமொழி அசோகாவதானத்தில் இவர் மதுராவில் வாசனைப் பொருள் விற்கும் வணிகரின் மகன். கடையில் இருந்த இளைஞரிடம் சாணவாசி என்ற தேரர் ஒரு பயிற்சி தருகிறார்: மாசுள்ள எண்ணம் எழுந்தால் கருப்புப் பட்டை ஒன்றை எடுத்து வை, மாசற்றது எழுந்தால் வெள்ளைப் பட்டை. முதலில் கருப்பே மிகுதி. பிறகு பாதிக்குப் பாதி. முடிவில் எல்லாம் வெள்ளை. கடையை மூடிவிட்டு வா என்று தேரர் சொல்லவில்லை என்பதே இக்கதையில் எனக்கு முதன்மையாகத் தோன்றுவது. பயிற்சி வாடிக்கையாளர் நடுவிலேயே நடக்கிறது. அதன் விளைவு அளவிலும் விலையிலும் தெரிகிறது. வாசவதத்தை என்ற கணிகையின் பணிப்பெண் அவரிடம் வாங்கிவந்த சரக்கு மிகுதியாக இருப்பதைப் பார்த்து, திருடி வந்தாயா என்று தலைவி கேட்குமளவுக்கு அவர் வணிகம் நேர்மையானது.

இதே கதை திபெத்தில் பட்டைக்குப் பதில் கூழாங்கற்களோடு வழங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் பாட்ரூல் ரின்போச்சே இதை ரவி என்ற அந்தணர்மேல் ஏற்றிச் சொல்கிறார். வேறு வழக்குகளில் இது கடம்ப மரபின் கெஷே பென் செய்ததாக வரும். பென் முன்பு கொள்ளையராக வாழ்ந்தவர். கொடையாளர் வருகிறார்கள் என்று ஒருநாள் பூசைமாடத்தை அழகாக அடுக்கிவிட்டு, யார் கண்ணுக்காக இது என்று தம்மையே கேட்டுக்கொண்டு, ஒரு பிடி மண்ணை அதன்மேல் எறிந்தாராம். தென்னிந்தியாவிலிருந்து திபெத் சென்றவராக மரபு சொல்லும் பதம்பா சங்யே, திபெத்திலேயே சிறந்த காணிக்கை அந்தப் பிடி மண்தான் என்றாராம். மதுராவிலும் திபெத்திலும் கல்லுக்கும் பட்டைக்கும் பரிசு எதுவும் இல்லை. பார்ப்பவரும் கணக்கரும் ஒருவரே.

சீனத்தில் நிலைமை வேறு. அங்கே 1171ஐச் சேர்ந்த தாவோயியப் பேரேடு ஒன்று நன்மை தீமைகளுக்கு மதிப்பெண் வகுத்திருந்தது. மிங் காலத்தில் யுவான் லியாவ்ஃபான் (1533–1606) என்ற அதிகாரி, 1569இல் யுங்கூ என்ற சான் பௌத்தத் துறவியிடம் இத்தகைய ஏட்டைப் பெற்றார். அரசுப் பணித் தேர்வில் வெற்றி வேண்டி 3,000 நற்செயல்கள் செய்ய நேர்ந்துகொண்டார். அதை முடிக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. எழுதத் தெரியாத அவர் மனைவி, நற்செயல் ஒவ்வொன்றுக்கும் வாத்திறகின் குழலால் நாட்காட்டியில் சிவப்பு வட்டம் பதித்துவந்தார். இங்கே எண்ணப்படுவது எழும் எண்ணமல்ல, முடிந்த செயல். அதற்குக் கூலியும் உண்டு. ஆதிச் சுத்தத்தின் நோக்கிலிருந்து இது பெரும் விலகல் என்றே கருதுகிறேன்.

ஆனால் அந்த விலகலை, லியாவ்ஃபான் தம் அனுபவத்தை எழுதிவைத்த நூலே உணர்ந்திருக்கிறது. 10,000 நற்செயல்களுக்கு முன்பே நேர்ந்துகொண்டிருந்த அவர், பாவோதி மாவட்ட நடுவரானபின் நிறைவேற்ற வழியின்றித் தவித்தார். நிலவரியைக் குறைத்த ஒரே செயலில் பத்தாயிரமும் நிறைந்ததாகக் கனவு வந்தது. வூதாய் மலையிலிருந்து வந்த துறவியும் மனம் மெய்யாக இருந்தால் அது சரியே என்றார். அதே நூல் சொல்லும் வெய் ஜொங்தா என்ற அலுவலரின் கதை இன்னும் கூர்மையானது. மறுவுலகில் அவருடைய தீமை ஏடுகள் முற்றத்தை நிறைக்கின்றன. நன்மைச் சுருள் உணவுக் குச்சியளவே இருக்கிறது. நாற்பது வயதுகூட ஆகாதவனுக்கு இத்தனை தீமையா என்று கேட்டால், செய்ய வேண்டியதில்லை, தவறாக நினைத்தாலே பதிவாகும் என்பது விடை. இருந்தும் அந்தச் சிறு சுருளே எடையில் வென்றது. கற்பாலம் கட்டும் பணியில் மக்களை வருத்த வேண்டாம் என்று அவர் அரசருக்கு எழுதிய விண்ணப்பம் அது. அரசர் அதை ஏற்கவில்லை; ஆயினும் நினைத்தது நிறுக்கப்பட்டது.

லியாவ்ஃபானின் சமகாலத்தவரான துறவி ஜூஹொங் (1535–1615), இளமையில் தாம் அச்சிட்டு வழங்கிய தாவோயியப் பேரேட்டை முதுமையில் திருத்தி எழுதி, தன்னை அறியும் பதிவேடு என்று பெயரிட்டார். கையூட்டு வாங்கிச் செய்த உதவி நன்மைக் கணக்கில் சேராது என்பது போன்ற விதிகளால் செயலுக்குப் பின்னுள்ள நோக்கத்தை மீண்டும் ஏட்டுக்குள் கொண்டுவந்தார். 20ஆம் நூற்றாண்டில் யின்குவாங் அடிகள் (1861–1940) ஊக்கி அச்சிட்டுப் பரப்பியது ஜூஹொங்கின் ஏட்டைவிட லியாவ்ஃபானின் நூலையே. இன்றும் தைவான் முதலிய இடங்களின் விகாரைகளில் அது இலவசமாகக் கிடைக்கிறது.