இரும்பாணி, பிளாஸ்டிக் முளை, குரோம்பேட்டைத் தோல்

குரோம்பேட்டை என்னும் பெயருக்குள் ஓர் உலோகம் இருப்பதைத் தாம்பரம் மின்தொடர்வண்டியில் செல்லும் நம்மில் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. குரோமிய உப்பால் தோல் பதனிட்ட குரோம் லெதர் கம்பெனியே அவ்வூருக்குப் பெயர் தந்தது. அங்கிருந்து வடக்கே ஆறாவது நிலையம் கிண்டி. அங்குள்ள குதிரைப்பந்தயத் திடலின் நடுவே மதராஸ் ஜிம்கானா கிளப் நெடுங்காலம் கோல்ஃப் ஆடுகளம் நடத்தி வந்தது. ஓரிடம் தோலுக்கு, மற்றோரிடம் ஆட்டத்துக்கு. கோல்ஃப் காலணியின் கதையைச் சொல்ல இவ்விரண்டும் நமக்கு வேண்டும்.

கோல்ஃப் ஆடுபவர் கோலை வீசும்போது உடல் முழுவதும் முறுக்கித் திரும்புகிறது; அப்போது பாதம் வழுக்கினால் பந்து திசைமாறும். காலணியின் அடியில் ஆணி அறைந்துகொள்ளுமாறு 1857இல் ஸ்காட்லாந்தில் வெளிவந்த ஓர் ஆட்டக் கையேடே அறிவுரை கூறிற்று. பின்னர்த் திருகிக் கழற்றி மாற்றத்தக்க இரும்பாணிகள் வந்தன. ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் நீளமுள்ள அவை, இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கோல்ஃப் காலணியின் அடையாளமாகவே விளங்கின.

சிக்கல் குழியைச் சுற்றியுள்ள 'கிரீன்' என்னும் பரப்பில் எழுந்தது. அங்கே புல் சில மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒட்ட வெட்டப்பட்டிருக்கும். பந்து தரையோடு உருண்டு குழியில் விழவேண்டும். இரும்பாணி அப்பரப்பைக் குத்திக் கிளறும். கிளறிய புல்லின் சிறு மேடு பந்தைத் திருப்பிவிடப் போதுமானது. தம் பந்தின் வழியிலுள்ள அத்தகைய ஆணித்தடத்தைச் சரிசெய்ய ஆட்டவிதி நெடுங்காலம் அனுமதிக்கவில்லை. 2019இல்தான் அந்தத் தடை நீங்கிற்று. முன்னே சென்றவரின் ஆணி, பின்னே வருபவரின் ஆட்டத்தைக் கெடுத்தது. அதைச் செப்பனிடும் வேலையோ களப் பணியாளர் தலையில் விழுந்தது.

மாற்று, 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துப் பாய்சி நகரிலிருந்து வந்தது. பனிக்காலத்திலும் ஆட விரும்பிய ஃபாரிஸ் மக்மலின், எர்னி டீக்கன் என்னும் இருவர், புல்லைக் குத்தாத பிளாஸ்டிக் முளைகளை உருவாக்கினர். முதலில் நகைப்புக்கு உள்ளான அம்முளைகள் அடுத்த பத்தாண்டுகளுக்குள் வென்றன; அமெரிக்க ஆடுகளங்களில் பெரும்பாலானவை இரும்பாணிக்குத் தடைவிதித்தன. தொழில்முறை ஆட்டக்காரர் சிலர் மட்டும் இரும்பை விடவில்லை. ஆடுபவர் தம் காலுக்கு எது நன்று என்று தேர்ந்ததால் வந்த மாற்றமன்று இது. தரையைப் பேணியோர் கேட்டதால் வந்தது.

நம் பகுதித் தரைக்கு எது பொருந்தும்? ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய களிமண்ணில் இரும்பாணியின் பிடிப்புக்கு இணையில்லை. சித்திரை வெயிலில் இறுகிய தரையிலோ அது உள்ளிறங்காது. சிமெண்டுப் பாதையில் வழுக்கவும் செய்யும். பிளாஸ்டிக் முளை பாதத்தின் சுமையைப் பரப்பித் தாங்கும். ஆனால் விரைவில் தேயும், தேய்ந்ததை மாற்றாவிட்டால் பயனில்லை. நீர் அரிதான இந்திய ஊர்கள் பலவற்றில் புல்லுக்குப் பதிலாக எண்ணெய் கலந்த மணலைப் பரப்பி 'பிரவுன்' அமைத்தனர். ஆடியபின் இழுத்துச் சமன்செய்துவிடும் அந்த மணலில் ஆணித்தடம் ஒரு வழக்காகவே எழவில்லை. இது நீர் பாய்ச்சி வளர்த்த புல்லின் வழக்கு.

நீர் என்றதும் குரோம்பேட்டைக்குத் திரும்ப வேண்டியுள்ளது. சென்னையில் குரோம் பதனிடலைத் தொடங்கிவைத்தவர் பொறியியல் பேராசிரியர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். 1903ஐ ஒட்டி அவர் நடத்திய சோதனைகளின் முதல் நோக்கம் காலணியன்று. கிணற்றிலிருந்து மாடுகள் நீர் இறைக்கும் கமலையின் தோல்பை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் நீரில் விரைவில் நைந்தது. குரோம் தோல் நீடித்து உழைத்தது. நீரைத் தாங்கும் அக்குணமும் மென்மையும் விரைவான செய்முறையும் சேர்ந்து, குரோம் தோலை உலகெங்கும் காலணி மேல்தோலுக்கு முதன்மைப் பொருளாக்கின. கோல்ஃப் காலணியும் அதற்கு விலக்கில்லை.

பல்லாவரம், நாகல்கேணி, குரோம்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பெருகின. அங்கே மண்ணிலும் நிலத்தடி நீரிலும் குரோமியம் பரவியிருப்பதை ஆய்வுகள் பலமுறை பதிவுசெய்துள்ளன. தோல் தொழிலின் கழிவு குறித்து வேலூர் மக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம், மாசுபடுத்துபவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை வலியுறுத்தியது. பல்லாவரத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையமும் அமைந்தது. எனினும் மண்ணில் இறங்கிய உலோகம் எளிதில் திரும்புவதில்லை. கிணற்றுக்கு உதவ வந்த குரோம் கிணற்றையே கெடுத்தது.

கிரீனில் விழுந்த ஆணித்தடத்தை அவ்விடத்திலேயே கண்டனர். கேட்க ஆளும் அதிகாரமும் இருந்தன. பத்தாண்டில் காலணியே மாறியது. பதனிடும் ஊரின் கிணற்றில் விழுந்த தடத்தைக் காலணி அணிபவர் காணவில்லை. அங்கு நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. இரும்பா பிளாஸ்டிக்கா என்று கேட்போருக்கு நாம் பிளாஸ்டிக்கையே சொல்வோம். தேய்ந்தால் மாற்றச் சொல்வோம். அதனோடு, மேல்தோல் எங்கே பதனிடப்பட்டது, அந்த நீர் எங்கே போயிற்று என்றும் கடையில் கேட்கச் சொல்வோம்.