யார் இந்த சாந்தி சௌந்தரராஜன்? பதக்கம் பறிபோன பிறகு பயிற்சியாளரான வீராங்கனை

வெறும் 0.03 விநாடி. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியின் 800 மீட்டர் ஓட்டத்தில், கஜகஸ்தானின் விக்டோரியா யலோவ்ட்சேவாவை இந்த வித்தியாசத்தில் முந்தித்தான் வெள்ளி வென்றார் சாந்தி. ஓடிய நேரம் 2 நிமிடம் 3.16 விநாடி. ஆனால் அந்தப் பதக்கம் அவரிடம் நிலைக்கவில்லை.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்தவர் சாந்தி. பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். ஓடக் கற்றுக்கொடுத்தது தாத்தா. முந்தைய ஆண்டு, 2005-ல், இன்சியானில் நடந்த ஆசிய தடகள சாம்பியன்ஷிப்பிலும் இதே 800 மீட்டரில் வெள்ளி வாங்கியிருந்தார். தோஹா வெற்றி ஒண்ணும் குருட்டு அதிர்ஷ்டம் இல்லை.

என்ன நடந்தது?

ஓட்டம் முடிந்ததும் அவருக்குப் பாலினச் சோதனை நடத்தப்பட்டது. அதில் தேறவில்லை என்று பதக்கம் பறிக்கப்பட்டது. இனி போட்டிகளில் ஓட முடியாதுன்னும் சொல்லிட்டாங்க. பிறந்ததிலிருந்து பெண்ணாகவே வளர்ந்தவரின் உடல் பற்றிய ரகசிய அறிக்கை, டிவியில் தலைப்புச் செய்தியாக ஓடியது. ஊக்கமருந்து பயன்படுத்தியதாக அவர் மீது புகார் எதுவும் இல்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

அப்போதைய முதல்வர் கருணாநிதி, சர்ச்சைக்கு நடுவிலும் 15 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தார். அந்தப் பணத்திலிருந்தும் செலவு செய்து, புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார் சாந்தி. பயிற்சியாளர் வாழ்க்கை தொடங்கியது இப்படித்தான்.

மீண்டும் செங்கல் சூளை

ஆனால் கையில் இருந்தது ஒப்பந்த வேலை. அதில் குடும்பத்தை நடத்த முடியவில்லை. 2012-ல் அவர் செங்கல் சூளையில் சுமார் 200 ரூபாய் தினக்கூலிக்கு வேலை செய்யும் செய்தி வெளியானது. அதன் பிறகுதான் மத்திய விளையாட்டுத் துறை திரும்பிப் பார்த்தது.

அரசுப் பயிற்சியாளர் வேலைக்கு என்.ஐ.எஸ். பட்டயம் முக்கியம். எத்தனை பதக்கம் வாங்கியிருந்தாலும் இந்தச் சான்றிதழ் கேட்பார்கள். பெங்களூருவில் சாந்தி அதைப் படித்து முடித்தார். பிறகு தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் தடகளப் பயிற்சியாளர் ஆனார். அதுவும் முதலில் தற்காலிகம்தான். பணி நிரந்தரம் ஆனபோது தோஹா முடிந்து கிட்டத்தட்ட பத்து வருஷம் ஆகியிருந்தது.

டூட்டி சந்துக்கு மட்டும் எப்படி?

2014-ல் ஒடிசா வீராங்கனை டூட்டி சந்த் இதே போன்ற சிக்கலில் மாட்டினார். காமன்வெல்த் அணியிலிருந்து நீக்கப்பட்டார். ஆனால் அவர் விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனார். 2015-ல் அந்த விதி நிறுத்தி வைக்கப்பட்டது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 100, 200 மீட்டர் இரண்டிலும் டூட்டிக்கு வெள்ளி. சாந்திக்காக 2006-ல் அப்படி வழக்கு நடத்த யாரும் இல்லை.

இப்போ விதி என்ன?

எல்லா வீராங்கனைகளுக்குமான பாலினச் சோதனையை ஒலிம்பிக் கமிட்டி 1999-லேயே கைவிட்டது. அதன் பிறகு சந்தேகம் வந்தால் மட்டும் சோதனை. சாந்தி சிக்கியது இதில்தான். ஆனால் 2025 செப்டம்பர் முதல் உலக தடகள அமைப்பு மறுபடியும் எல்லாருக்கும் என்று மாற்றிவிட்டது. உலக சாம்பியன்ஷிப் போன்ற போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட, வாழ்நாளில் ஒருமுறை எஸ்.ஆர்.ஒய். மரபணுச் சோதனை கட்டாயம். கன்னத்தின் உட்பக்கத்தில் பஞ்சால் எடுக்கும் மாதிரி அல்லது ரத்த மாதிரி போதும்.

நம்ம ஊர் மைதானத்தில் ஓடும் பெண் பிள்ளைகள் நாளைக்கு அந்த அளவுக்குப் போனால் இந்தச் சோதனை அவர்களுக்கும் உண்டு. 2006-ல் சாந்திக்கு இதையெல்லாம் முன்கூட்டியே சொல்ல ஒரு பயிற்சியாளர்கூட இல்லை.